இரண்டு இலட்சத்தைக் கொடுத்துப் பத்தைப் பெற்ற வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைப் பணித்தனர். வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் பலருடைய நினைவுக்கு வருதல் இயல்பே. வகுப்பறையில் அவற்றையே நானும் இத்தனை ஆண்டுகளாகக் கற்பித்து வந்துள்ளேன். ஆயினும் இம்மலருக்கு, எட்டுக் கால்களைக் கொண்டதும் விரல் நகத்தினும் சிறிதே பெரியதுமான ஒரு கருவியின் வரலாற்றை எழுதத் துணிந்தேன். அதற்குச் செயற்பாட்டுப் பெருக்கி என்பது பெயர். பாலிடெக்னிக்கிலும் பொறியியற் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகள் அதனை ஆப்-ஆம்ப் என்று வழங்குவர். 741 என்னும் எண்ணைச் சொன்னால் உடனே அறிந்துகொள்வர்.

இத்துணிவுக்குக் காரணம் ஒரு மாணவன். நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயின்று, பின்னர் மின்னணுவியலில் பட்டயம் பெற்றவன். ஒரு தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வுக்குச் சென்று, இடம் கிடைக்காமல் திரும்பி வந்து என்னிடம் நடந்ததைக் கூறினான். "741-இன் பெருக்கம் எவ்வளவு?" என்று கேட்டார்களாம். "இரண்டு இலட்சம்" என்றானாம். "பத்து மடங்கு பெருக்கும் சுற்று ஒன்றை வரைக" என்றார்களாம். வரைந்து காட்டினானாம். "இரண்டு இலட்சம் கையில் இருக்க, பத்தோடு ஏன் நின்றுவிட்டாய்? எஞ்சியது எங்கே போயிற்று?" என்று மூன்றாவது வினாவை எழுப்பினார்களாம். அங்கேதான் அவன் வாயடைத்து நின்றான். "வாய்பாடு தெரியும் ஐயா. ஏன் என்பதை நானும் கேட்டதில்லை, எனக்கும் எவரும் சொன்னதில்லை" என்றான்.

கேட்டுத் தெளிவதற்கு வீட்டில் படித்தவர் எவரும் இல்லாத பிள்ளை அவன். நானோ வரலாறு பயின்றவன், மின்னணுவியலில் எழுத்தறியாதவன். எனினும் ஒரு பொருள் ஏன் இவ்வாறு இருக்கிறது என்பது விளங்காதபோது, அது எப்போது, எவருக்கு, எந்த நெருக்கடியில் தேவைப்பட்டது என்று பின்னோக்கிச் சென்று பார்ப்பது எங்கள் துறையின் வழக்கம். "ஒரு திங்கள் பொறு, தம்பி" என்று அவனை அனுப்பிவிட்டு நான் தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறிவிடுதல் நன்று. ஒரு கருவிக்குள் செலுத்தும் மின்னழுத்தத்தைப் போல வெளிவரும் மின்னழுத்தம் எத்தனை மடங்கு உள்ளதோ, அம்மடங்கே மின்னழுத்தப் பெருக்கம் எனப்படும். அரை வோல்ட் உள்ளே சென்று ஐந்து வோல்ட் வெளிவந்தால் பெருக்கம் 10. இதில் கடினம் ஏதுமில்லை. அந்த மடங்கு இன்று இருந்தவாறே நாளையும் இருக்குமா என்பதில்தான் கடினம் தொடங்குகிறது.

அமெரிக்க நாட்டில் 1915-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25-ஆம் நாள், கீழைக்கரையிலுள்ள நியூயார்க்குக்கும் மேலைக்கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு முனையில் கிரகாம் பெல்லும் மறு முனையில் அவருடைய பழைய உதவியாளர் வாட்சனும் அமர்ந்து உரையாடினர். அத்துணைத் தொலைவுக்குச் செம்புக் கம்பி மட்டும் குரலைச் சுமந்து செல்லாது. வழியிலேயே குரல் தேய்ந்துவிடும். ஆகவே இடையிடையே வெற்றிடக் குழாய்களால் ஆகிய பெருக்கிகளை நிறுத்தித் தேய்ந்த குரலுக்கு மீண்டும் வலுவூட்டினர்.

ஒன்றிரண்டு பெருக்கிகள் இருந்தவரையில் தொல்லை பெரிதாகத் தெரியவில்லை. ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்ப விழைந்தபோதும், பெருக்கிகளின் எண்ணிக்கை வளர்ந்தபோதும் அது தலைதூக்கியது. வெற்றிடக் குழாய் வெப்பத்தால் மாறும், வயதால் மாறும், மின்கலம் தளர்ந்தாலும் மாறும். ஒவ்வொரு பெருக்கியும் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் மிகுதியாகப் பெருக்குவதாகக் கொள்வோம். அத்தகைய 100 பெருக்கிகள் வரிசையாக நின்றால் இறுதியில் குரல் 2.7 மடங்கு பெருத்துவிடும். நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தாலோ, மூன்றில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கிவிடும். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகள் 1.01-ஐ நூறு முறை பெருக்கிப் பார்க்கலாம். இது போதாதென்று, ஒவ்வொரு குழாயும் குரலின் வடிவத்தைச் சிறிது திரித்துவிடும். ஒரு பெருக்கியின் திரிபை அடுத்த பெருக்கி அப்படியே பெருக்கித் தன் திரிபையும் அதனுடன் சேர்த்து அனுப்பும். ஒருவர் காதில் சொன்ன செய்தி ஊர்க்கோடியைச் சென்றடையும்போது என்னவாகிறது என்பதை நாம் அறிவோமன்றோ?

இச்சிக்கலை அவிழ்க்க முற்பட்டவர் ஹெரால்டு ஸ்டீபன் பிளாக் என்னும் இளைஞர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்டர் என்னும் ஊரில் 1898-இல் பிறந்தவர். 1921-இல் பட்டம் பெற்ற கையோடு நியூயார்க்கின் மேற்குத் தெருவிலிருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். அப்பிரிவே 1925-இல் பெல் ஆய்வுக்கூடம் என்னும் பெயர் பெற்றது. நல்ல குழாய்களைச் செய்தால் திரிபு நீங்கும் என்பதே அக்காலத்தவர் கருத்து. பிளாக்கும் அவ்வழியிலே முயன்று சலித்தார். 1923-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் ஸ்டைன்மெட்ஸ் என்னும் மின்பொறியியல் அறிஞரின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர், சிக்கலையே வேறு விதமாக எழுதிப் பார்த்தார். குழாய் குறையுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே வருவதிலிருந்து குறையை மட்டும் பிரித்தெடுத்துக் கழித்துவிட முடியாதா? அன்று நள்ளிரவுக்குப் பின்னும் விழித்திருந்து வழியொன்றையும் கண்டார். ஆய்வுக்கூடத்தில் அது வேலையும் செய்தது. ஆனால் பெருக்கிகளின் அளவுகள் மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டியிருந்தமையால், ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் அமர்ந்து இழையின் மின்னோட்டத்தைச் சரிசெய்துகொண்டேயிருக்க நேர்ந்தது. நாடு முழுவதும் கம்பியோரத்தில் அவ்வாறு ஆள் அமர்த்த இயலுமா?

மேலும் நான்காண்டுகள் கழிந்தன. 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் முதல் வாரத்தில் ஒரு காலை. பிளாக் வழக்கம்போல் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் பயணப் படகில் அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். படகிலேயே அவருக்கு விடை தோன்றியது. கையில் வெற்றுத்தாள் இல்லை; நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இருந்தது. அதில் அச்சு மங்கிக் கிடந்த ஒரு பக்கத்தில் படத்தையும் சமன்பாடுகளையும் எழுதிக் கையொப்பமிட்டார். அலுவலகம் சேர்ந்ததும் உடன் பணிபுரிபவர் ஒருவரைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்தார் என்பர். (சான்றை அன்றே எழுதிச் சாட்சியும் பெற்றுக்கொள்ளும் இப்பழக்கம் நம்மவர்க்கும் வேண்டுமென்பதை இடைக்குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.)

அவர் எழுதியது யாது? தேவைக்கு மேல் பன்மடங்கு பெருக்கும் பெருக்கி ஒன்றைச் செய்க. வெளிவருவதில் ஒரு சிறு பங்கைப் பிரித்து மீண்டும் உள்வாயிலுக்கே கொண்டு வந்து, உள்ளே வருவதிலிருந்து கழித்துவிடுக. அவ்வளவே. இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். கழிக்கும்போது பெருக்கத்தின் பெரும்பகுதி போய்விடும். ஆனால் எஞ்சியிருக்கும் பெருக்கம் குழாயைப் பொறுத்ததாக இராது. திருப்பி அனுப்பிய பங்கு எவ்வளவு என்பதையே பொறுத்ததாக இருக்கும். அப்பங்கை வகுத்துக் கொடுப்பவை மின்தடைகள். அவை குழாயைப் போல் நாளுக்கொரு குணம் காட்டுவதில்லை.

அந்த மாணவனுடைய வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆதலின் சற்று நின்று எண்களால் விளக்க முயல்வேன்.

செயற்பாட்டுப் பெருக்கிக்கு இரண்டு உள்வாயில்கள் உண்டு. இரண்டிலும் உள்ள மின்னழுத்தங்களின் வேறுபாட்டை மட்டுமே அது பெருக்கும். கூர்மையான தராசு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இரு தட்டுகளுக்கும் இடையே மயிரளவு வேறுபாடு இருந்தாலும் நா ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்துவிடும். பின்னூட்டம் ஏதுமின்றி 741-ஐ இயக்கினால் நிகழ்வதும் அதுவே. ஓராயிரத்தில் ஒரு வோல்ட் வேறுபாடு கொடுத்தால் 200 வோல்ட் வெளிவர வேண்டும். நாம் கொடுத்த மின்வழங்கலோ 15 வோல்ட். ஆகவே வெளிவாயில் எல்லைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்த இரண்டு இலட்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு அளவறிந்து பெருக்கும் வேலை எதனையும் செய்ய இயலாது.

இனி, வெளிவருவதில் பத்தில் ஒரு பங்கை இரு மின்தடைகளால் பிரித்து, இரண்டாம் தட்டில் வைப்போம். முதல் தட்டில் அரை வோல்ட் வைக்கிறோம். வெளிவாயில் உயரத் தொடங்கும். அது 4 வோல்ட்டை எட்டும்போது இரண்டாம் தட்டில் 0.4 வோல்ட் இருக்கும். வேறுபாடு இன்னும் உள்ளது. எனவே மேலும் உயரும். 5 வோல்ட்டை நெருங்கும்போது இரண்டாம் தட்டிலும் அரை வோல்ட்டை ஒட்டி நிற்கும். தராசு நடுநிலைக்கு வந்துவிடும். வெளிவாயிலை 5 வோல்ட்டில் தாங்கி நிற்க எவ்வளவு வேறுபாடு தேவை? ஐந்தை இரண்டு இலட்சத்தால் வகுத்தால், ஒரு வோல்ட்டை நாற்பதாயிரம் கூறாக்கியதில் ஒரு கூறு. அவ்வளவு சிறிய பிழையோடு அது தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

741-ஐச் செய்வோர் தரும் குறிப்புத் தாளில் அதன் பெருக்கம் பொதுவாக 200,000 என்று காணப்படும். வணிகத் தரத்து வகைக்கு அதே தாளில் குறைந்த அளவாக 20,000 என்றும் காணப்படும். பத்து மடங்கு வேறுபாடு! ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு சில்லுகள்கூட ஒன்றைப் போல் மற்றொன்று இருக்குமென உறுதி கூற இயலாது. ஆனால் மேற்சொன்ன சுற்றில் 200,000 உடையதை வைத்தால் கிடைக்கும் பெருக்கம் 9.9995, 20,000 உடையதை வைத்தால் 9.995. உள்ளே பத்து மடங்கு மாறியது. வெளியே ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறவில்லை. "எஞ்சியது எங்கே போயிற்று?" என்று கேட்டார்களன்றோ? எஞ்சியது எங்கும் போய்விடவில்லை. அந்தப் பத்தைப் பத்தாகவே நிறுத்தி வைக்கும் காவல் வேலையில் அது ஈடுபட்டிருக்கிறது.

இதனை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். அக்காலத்துப் பொறியாளர்கள் எளிதில் ஒப்பவில்லை. அரும்பாடுபட்டு ஈட்டிய பெருக்கத்தை அள்ளி எறிவதா என்பது அவர்கள் ஐயம். பிளாக் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெருக்கியின் திரிபை ஆற்றலளவில் நூறாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டினார். 1928 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். உரிமை கிடைத்தது 1937-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள்! ஒன்பது ஆண்டுகளுக்கு மேல். இத்தகையதொரு கருவி இயங்கும் என்பதையே அலுவலகத்தார் நம்பவில்லை. நிறுவனமோ அதற்குள் பல பெருக்கிகளைச் செய்து இயக்கிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் காப்புரிமை அலுவலகமோ, ஓய்வின்றித் தானே இயங்கும் பொறியைக் கண்டுபிடித்தேன் என்று வருவோரின் விண்ணப்பத்தைப் போன்றே தம் விண்ணப்பத்தையும் நடத்தியது என்று பிளாக் 1977-இல் எழுதியுள்ளார்.

அவர்களுடைய ஐயத்தில் ஒரு பாதி நியாயமும் இருந்தது. நம் ஊர் விழாக்களில் மைக் செட் திடீரென ஊளையிடுவதை அனைவரும் கேட்டிருப்போம். ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்கில் நுழைந்து, மேலும் பெருகி, மேலும் நுழைந்து, இறுதியில் ஊளையாகிறது. அதுவும் பின்னூட்டமே, ஆனால் கழிக்காமல் கூட்டும் பின்னூட்டம். கழிப்பதற்காகத் திருப்பி அனுப்பிய மின்னழுத்தம் பெருக்கிக்குள் சுற்றி வருவதற்குள் காலம் தாழ்ந்துவிட்டால், கழிக்க வேண்டிய வேளை தவறிக் கூட்டிவிடும். உடனே பெருக்கி ஊளையிடத் தொடங்கும். எந்நிலையில் ஊளையிடும், எந்நிலையில் அமைதி காக்கும் என்பதைக் கணிதத்தால் வரையறுத்தவர் அதே ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹாரி நைக்குவிஸ்ட். சுவீடன் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய கட்டுரை 1932-இல் வெளிவந்தது. பின்னர் ஹெண்ட்ரிக் போடே அதனைப் பொறியாளர்கள் கையாளும் முறையாக வளர்த்தார். இவ்வூளையின் கதை மீண்டும் வரும், மனத்தில் கொள்க.

தொலைபேசிக்குப் பிறந்த இப்பெருக்கி கணக்குப் போடக் கற்றுக்கொண்டது போர்க்காலத்தில். வானூர்தியைச் சுட வேண்டுமாயின் அது இப்போது இருக்கும் இடத்தைக் குறிபார்த்துப் பயனில்லை; குண்டு சென்று சேரும்போது அது எங்கே இருக்கும் என்று கணித்துச் சுட வேண்டும். அக்கணக்கை மனிதர் போட்டு முடிப்பதற்குள் வானூர்தி கடந்துவிடும். பெல் ஆய்வுக்கூடத்தார் தொலைவு, உயரம் முதலியவற்றை மின்னழுத்தங்களாக மாற்றி, அம்மின்னழுத்தங்களைக் கொண்டே கணக்கிடும் கருவி ஒன்றைச் செய்தனர். எம்-9 என்னும் அக்கருவி 1944-இல் ராடாருடன் இணைக்கப்பட்டு, இங்கிலாந்தின் கரையோரத்தில் ஜெர்மானியரின் வி-1 பறக்கும் குண்டுகளை வீழ்த்தப் பயன்பட்டது.

மின்னழுத்தங்களைக் கூட்டுவது எவ்வாறு? இதற்கான பெருக்கியை வகுத்தவர் கார்ல் சுவார்ட்செல். 1941-இல் விண்ணப்பித்து 1946-இல் உரிமை பெற்ற அவருடைய ஆவணத்தின் தலைப்பே கூட்டும் பெருக்கி என்பதுதான். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை மூத்தோர் கண்டிருப்பர். நடுவே அச்சு அசையாது நிற்கும். ஒரு முனை தாழ மறு முனை உயரும். எவ்வளவு உயரும் என்பது இரு பக்கத்து மர நீளங்களின் விகிதத்தைப் பொறுத்தது. புரட்டும் பெருக்கி என்று பாடநூல் கூறும் சுற்று இவ்வேற்றமே. பின்னூட்டத்தால் அதன் புரட்டும் உள்வாயில் ஏறத்தாழ 0 வோல்ட்டிலேயே அச்சைப் போல் அசையாது நிற்கும். உள்ளே வரும் பாதையில் 10 கிலோ ஓம் தடை, வெளியிலிருந்து திரும்பும் பாதையில் 100 கிலோ ஓம் தடை என்றால் மர நீளம் ஒன்றுக்குப் பத்து. அரை வோல்ட் உள்ளே சென்றால் வெளியே 5 வோல்ட், ஆனால் குறி மாறி எதிராக வெளிவரும். அந்த அசையாப் புள்ளிக்கு ஒரு பாதைக்கு மாறாக மூன்று நான்கு பாதைகளை இட்டுவந்தால், அவற்றின் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று தொல்லை செய்யாமல் அங்கே கூடிவிடும். அதுவே கூட்டல். திரும்பும் பாதையில் தடைக்கு மாற்றாக மின்தேக்கியை வைத்தால் அது காலப்போக்கில் சேர்த்துக்கொண்டே செல்லும். நுண்கணிதத்தில் தொகையீடு என்பர்.

கூட்டல், கழித்தல், தொகையீடு ஆகிய கணிதச் செயல்களைச் செய்வதனாலேயே இதற்குச் செயற்பாட்டுப் பெருக்கி என்ற பெயர் வாய்த்தது. ஜான் ரகசினி, ராபர்ட் ராண்டால், பிரெடெரிக் ரசல் ஆகிய மூவர் 1947-இல் வெளியிட்ட கட்டுரையில் இப்பெயர் இடம்பெற்றது. அக்கட்டுரையின் அடிக்குறிப்பொன்றில் ஒரு பெருக்கி குறிப்பிடப்படுகிறது. அதனை வகுத்தவர் லோப் ஜூலி என்னும் இளைஞர். இரண்டு உள்வாயில்களைச் சமமாக நடத்தும் குழாய் இணையை முகப்பில் வைத்தது அவருடைய வடிவமைப்பின் சிறப்பு; வெப்பத்தாலும் வயதாலும் விளையும் மாறுதல் இரு குழாய்களிலும் ஒருங்கே நேர்வதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பின்னாளில் வந்த பெருக்கிகளில் பெரும்பாலானவற்றின் முகப்பு இதுவே. மூவர் பெயர் கட்டுரையின் தலையில், நான்காமவர் அடிக்குறிப்பில்! வரலாறு படிப்போர் அடிக்குறிப்புகளைத் தாண்டிச் செல்லலாகாது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டிய பெருக்கியைத் தானே கட்டிக்கொண்டது. பாஸ்டன் நகரில் ஜார்ஜ் பில்பிரிக் என்பவர் நடத்திய நிறுவனம் கே2-டபிள்யூ என்னும் பெருக்கியை 1953-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடைச்சரக்காக்கியது. இரண்டு கண்ணாடிக் குழாய்கள் தலையில் ஒளிர, கீழே எட்டுக் கால்கள் கொண்ட செருகி. நேரும் எதிருமாக 300 வோல்ட் அதற்குத் தேவை. பெருக்கம் ஏறத்தாழ 15,000. அதனை வாங்கியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலை வேண்டியதில்லை. வெளியே இரண்டு தடைகளை இணைத்தால் வேண்டிய பெருக்கம் கிடைத்தது. ஐம்பதுகளில் அறிவியலாரும் பொறியாளரும் சமன்பாடுகளைத் தீர்க்க இத்தகைய பெருக்கிகளைப் பலகைகளில் வரிசையாகச் செருகி வைத்திருந்தனர்.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் தோன்றியதும், 1958-59-இல் கில்பியும் நாய்சும் பல உறுப்புகளை ஒரே சில்லில் செய்யும் வழி கண்டதும் பலரும் அறிந்தவை, விரித்தெழுதத் தேவையில்லை. அச்சில்லில் பெருக்கியை அடைத்துக் கொடுத்தவருள் முதன்மையானவர் கிளீவ்லாந்து நகரில் 1937-இல் பிறந்த ராபர்ட் விட்லார். பேர்சைல்டு நிறுவனத்தில் இருந்தபோது 1964-இல் 702 என்னும் பெருக்கியையும் 1965-இல் 709 என்னும் பெருக்கியையும் அவர் வகுத்தார். 709-இன் பெருக்கம் ஏறத்தாழ 45,000. அவருடைய குடிப்பழக்கத்தையும் முன்கோபத்தையும் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. தலைமையாசிரியன் என்ற முறையில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1991-இல் மெக்சிகோவில் அவர் காலமானபோது வயது 53.

அவர் கண்ட நுட்பம் ஒன்று நம் கதையோடு தொடர்புடையது. சிலிக்கனில் சரியான அளவுள்ள தடையைச் செய்வது அரிது. குறித்த மதிப்பிலிருந்து பெரிதும் விலகிப்போகும். ஆனால் அருகருகே ஒரே வேளையில் உருவாகும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒத்திருக்கும். எனவே தனித்த அளவை நம்பாமல், ஒன்றுக்கொன்று உள்ள ஒப்பையும் விகிதத்தையும் நம்பி அவர் சுற்றுகளை வகுத்தார். பிளாக் வெளியே இரு தடைகளின் விகிதத்தை நம்பினார். விட்லார் சில்லுக்கு உள்ளேயும் விகிதத்தையே நம்பினார்.

709-இல் ஒரு தொல்லை இருந்தது. அது பழைய ஊளைதான். அதனை அடக்க வெளியே மின்தேக்கிகளையும் தடையையும் கணித்து இணைக்க வேண்டும். தவறினால் பெருக்கி அலைந்துகொண்டேயிருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாறிய விட்லார் 1967-இல் எல்எம்101 என்னும் பெருக்கியை வகுத்தார். அதற்கு வெளியே 30 பிக்கோபாரட் அளவுள்ள ஒரு மின்தேக்கி மட்டும் போதுமானதாயிற்று. அச்சிறு மின்தேக்கியைச் சில்லுக்கு உள்ளேயே ஏன் வைக்கக் கூடாது என்று எண்ணியவர், இங்கிலாந்திலிருந்து வந்து பேர்சைல்டில் பணிபுரிந்த டேவ் புல்லாகர். அவ்வாறு அவர் வகுத்து 1968-இல் வெளிவந்ததே 741. வாங்கி, இரண்டு தடைகளை இணைத்து, மின்னிணைப்புக் கொடுத்தால் போதும், ஊளையிடாது. வெளிவாயிலைத் தவறித் தரையோடு இணைத்துவிட்டாலும் எரிந்துபோகாதவாறு காப்பும் அதில் உண்டு. கற்றுக்கொள்ளும் பிள்ளையின் கைப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் கருவி என்பதனால்தான் அரை நூற்றாண்டு கடந்தும் நம் பயிலகங்களின் மேசைகளில் அது இருக்கிறது. அதனினும் சிறந்தவை இன்று பல உள.

உள்ளே வைத்த அம்மின்தேக்கிக்கும் ஒரு விலை உண்டு. ஊளையைத் தடுக்கும் பொருட்டு அது பெருக்கத்தை வேண்டுமென்றே குறைக்கிறது. 741-இன் இரண்டு இலட்சம் என்பது நொடிக்கு ஐந்து அதிர்வுகள் வரைக்குமே. அதற்கு மேல் அதிர்வெண் பத்து மடங்கு உயர்ந்தால் பெருக்கம் பத்தில் ஒன்றாகும். ஆயிரம் அதிர்வில் எஞ்சுவது 1,000, பத்தாயிரத்தில் 100, பத்து இலட்சத்தில் வெறும் 1. பெருக்கத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் எப்போதும் ஏறத்தாழ பத்து இலட்சம் வரும். ஆகவே நாம் 10 மடங்கு கேட்டால் ஓர் இலட்சம் அதிர்வு வரை கிடைக்கும். 1,000 மடங்கு கேட்டால் ஆயிரம் அதிர்வோடு நின்றுவிடும். மனிதச் செவி இருபதாயிரம் அதிர்வு வரை கேட்கும் என்பர். மைக்கின் குரலை ஆயிரம் மடங்காக்க ஒரே 741-ஐ நம்பினால் குரல் மழுங்கிப்போகும். 32 மடங்கு வீதம் இரண்டு 741-களை அடுத்தடுத்து வைத்தால் அதே ஆயிரம் கிடைக்கும். குரலும் தெளிவாக இருக்கும். பெருக்கத்தைப் பேராசையோடு ஓரிடத்தில் கேட்கலாகாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஒரு திங்கள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவன் வந்தான். கழகக் கட்டடத்தின் பின்னறையில் அமர்ந்து, நான் படித்ததை அவனுக்குச் சொன்னேன். என் சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு அவன் போய்விடலாகாது என்று கருதி, கடையில் வாங்கி வைத்திருந்த பொருள்களை எடுத்து முன்னே வைத்தேன்: ஒரு பிரெட்போர்டு, ஒரு மல்டிமீட்டர், மின்வழங்கல் ஒன்று, 10 கிலோ ஓம் தடையும் 100 கிலோ ஓம் தடையும், 741 சில்லுகள் ஆறு. அவன் கை பழகியிருந்தது. பத்து நிமிடங்களில் புரட்டும் சுற்றை அமைத்துவிட்டான். அரை வோல்ட் கொடுத்தான். மல்டிமீட்டர் எதிர்க்குறியுடன் 4.93 என்று காட்டியது.

"ஐந்து வரவில்லையே, ஐயா" என்றான்.

"தடைகளை அளந்து பார்" என்றேன். அளந்தான். ஒன்று 10.04, மற்றொன்று 99.0. வகுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். பிறகு நான் சொல்லாமலே சில்லைப் பிடுங்கி எடுத்து, வேறொன்றைச் செருகினான். 4.93. மூன்றாவதைச் செருகினான். 4.93. ஆறையும் மாற்றி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கவில்லை. மீட்டரின் எண்ணும் மாறவில்லை.